குமரிக்கு நேர் தெற்கே ஓர் இந்திய ஆய்வு நிலையம்: அண்டார்டிகாவுக்குப் பெட்டி போவது எப்படி? பனிக்கட்டி உருகாமல் வருவது எப்படி?

கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் நின்று நேர் தெற்கே ஒரு கோடு போட்டால், அது எங்கே போய் முட்டும்?

இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும். மாலத்தீவு மேற்கே ஒதுங்கிவிடும். ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவுகளை விட்டால் வழியில் வேறு நிலமே கிடையாது. சுமார் 8,600 கிலோமீட்டர் தாண்டி அந்தக் கோடு அண்டார்டிகாவின் கரையைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர் அளவில் இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம் இருக்கிறது.

வரைபடத்தில் இவ்வளவு நேர்வழி. ஆனால் பாரதிக்கு ஒரு திருகாணி போக வேண்டுமென்றாலும் அது குமரிக் கடலைப் பார்த்துப் போவதில்லை. கோவாவுக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் தென்முனை வரை சுற்றித்தான் போகிறது. அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு பருவத்தில்.

2025 அக்டோபர் தொடக்கத்தில் இதில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. கோவாவின் மோபா விமான நிலையத்திலிருந்து ஐ.எல்.-76 ரக சரக்கு விமானம் ஒன்று, சுமார் 18 டன் அறிவியல் கருவிகள், மருந்துகள், உணவுப் பொருட்களோடு இந்தியாவின் அண்டார்டிக் நிலையங்களுக்காகப் புறப்பட்டது. இந்தியாவிலிருந்தே இப்படி விமானத்தில் சரக்கு ஏற்றி அனுப்பியது இதுவே முதல் முறை.

வெறும் 18 டன் சரக்கு ஏன் செய்தியாகிறது? அங்கிருந்து திரும்பி வரும் பெட்டிகளில் என்ன இருக்கிறது? குமரி மாவட்டத்துக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் என்ன சம்பந்தம்?

அனுப்புவது யார்? போய்ச் சேரும் இடம் எது?

கோவாவின் வாஸ்கோ ட காமாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வரும் இந்த மையம்தான் இந்தியாவின் துருவப் பயணங்கள் எல்லாவற்றையும் நடத்துகிறது.

இந்தியாவின் முதல் பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பியது. கடலியல் அறிஞர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர். அவர்கள் 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். போன கப்பலின் பெயர் 'போலார் சர்க்கிள்'. நார்வேயிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல் அது. இந்த 'வாடகை' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் கட்டிய 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் பனியில் புதைந்துபோனது. இப்போது இயங்குபவை இரண்டு. 1989 முதல் 'மைத்ரி', 2012 முதல் 'பாரதி'. இரண்டும் ஒரே கண்டத்தில் இருந்தாலும் இடைவெளி சுமார் 3,000 கிலோமீட்டர். அதாவது குமரியிலிருந்து டெல்லி போவதைவிட அதிகம்.

நேரா போயிடலாமே, ஏன் சுற்ற வேண்டும்?

காரணங்கள் மூன்று.

ஒன்று, பருவம். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் குளிர்காலத்தில் உறைந்துபோகும். நவம்பர் முதல் மார்ச் வரையான அங்கத்திய கோடையில்தான் கப்பல் கரையை நெருங்க முடியும். அந்த நாலைந்து மாதத்துக்குள் ஒரே கப்பல் இரண்டு நிலையங்களுக்கும் போய், இறக்கி, ஏற்றி, கடல் மறுபடி உறைவதற்குள் வெளியேறியாக வேண்டும்.

இரண்டு, விமானம். கேப் டவுனிலிருந்து ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்காயா நிலையத்தின் பனி ஓடுதளத்துக்கு சுமார் 6 மணி நேரத்தில் பறந்துவிடலாம். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது. மைத்ரிக்குப் பக்கத்திலேயே அந்த ஓடுதளம் இருப்பதால், ஆய்வாளர்களும் அவசரப் பொருட்களும் அந்த வழியில் போகிறார்கள். அண்டார்டிகாவின் வாசல்கள் என்று உலகத்தில் ஐந்து நகரங்களைத்தான் சொல்வார்கள். கேப் டவுன், ஹோபர்ட், கிறைஸ்ட்சர்ச், புன்டா அரீனாஸ், உஷுவாயா. இந்தியாவுக்குக் கைக்கு எட்டிய வாசல் கேப் டவுன்.

மூன்று, கப்பல். பனியை மோதித் தாங்கும் கட்டமைப்புள்ள கப்பல் இந்தியாவிடம் சொந்தமாக இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் கப்பல், கிடைக்கும் தேதிக்குத்தான் பயணம். 2021 ஜனவரி 4 அன்று 40-வது பயணம் 'வாசிலி கொலோவ்னின்' என்ற வாடகைக் கப்பலில் கோவாவிலிருந்து கிளம்பியபோது, போய்ச் சேர 30 நாள் ஆகும் என்று அரசு அறிவித்தது.

போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. மைத்ரி கடற்கரையில் இல்லை, சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பனித்தட்டின் ஓரத்தில் கப்பலை நிறுத்தி, சங்கிலிச் சக்கர வண்டிகளில் பொருட்களை இழுத்துப் போக வேண்டும். பாரதியில் கடல் பக்கம்தான். ஆனால் நடுவில் உறைபனி நின்றால் ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு இறக்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் என்னவெல்லாம் போகும்? எதெல்லாம் போகக் கூடாது?

எடையில் முதலிடம் எரிபொருளுக்கு. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாகக் கட்டிப்போகும் என்பதால் விமான எரிபொருள் வகைதான் அங்கே உதவும். அப்புறம் ஒரு வருஷத்துக்கான உணவு, மருந்து, ஜெனரேட்டர் உதிரிபாகம், வண்டிகள், ஆய்வுக் கருவிகள். பாரதி நிலையத்தின் கட்டடமே 134 சரக்கு கன்டெய்னர்களைப் பொருத்திக் கட்டியதுதான். கொண்டுபோன பெட்டியே வீடாகிவிட்டது!

கடிதங்களும் இதே வழியில்தான் போகின்றன. அண்டார்டிகாவின் இந்தியத் தபால் நிலையம் கோவா தபால் கோட்டத்தின் கீழ் வருகிறது. 2024 ஏப்ரல் 5-ல் பாரதியிலும் ஒரு தபால் நிலையம் திறந்தபோது எம்.எச்.-1718 என்ற அடையாள எண் கொடுத்தார்கள்.

இனி, எது போகக் கூடாது? அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறை இதில் ரொம்பக் கறார். டிவி பெட்டிக்குள் போட்டு வரும் தெர்மாகோல் உருண்டைகளும் துகள்களும் அங்கே தடை. காற்றில் பறந்தால் பொறுக்கி எடுக்க முடியாது, பறவைகள் தின்றுவிடும். பூச்சிக்கொல்லிக்கும் தடை. கிருமி நீக்காத மண் போகக் கூடாது. கருவிப் பெட்டியின் அடியில், பூட்ஸ் இடுக்கில், பையின் ஜிப்பில் ஒரு விதை ஒட்டியிருந்தாலும் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இதையே இந்தியா தன் சட்டமாகவும் ஆக்கிவிட்டது. 2022-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இந்திய அண்டார்டிக் சட்டத்தின்படி பயணத்துக்கு அனுமதி வேண்டும், அங்கிருந்து கனிம மாதிரி எடுக்கவும் அனுமதி வேண்டும்.

'ஒரு பிடி மண்ணுக்கு இவ்வளவு கெடுபிடியா' என்று தோன்றலாம். அதற்குப் பதில் குமரி மாவட்டத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் என்ற அபூர்வக் கனிமம் இருந்தது. தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். இன்றைய மணல் ஆலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. யாரும் அனுப்பாமலேயே, நாரில் ஒட்டிக்கொண்டு ஒரு 'மாதிரி' கடல் தாண்டிப் போய் ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. மண்ணுக்குப் பதில் உயிருள்ள விதையோ பூஞ்சையோ அப்படி ஒட்டிக்கொண்டு அண்டார்டிகாவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கெடுபிடிக்குக் காரணம்.

திரும்பி வரும் பெட்டியில் என்ன இருக்கும்?

முதலில் குப்பை. பேட்டரி, பிளாஸ்டிக், எரிபொருள் பீப்பாய் எல்லாவற்றையும் கொண்டுபோனவர்களே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது விதி.

அடுத்து மாதிரிகள். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பாறைக்குக் குளிர் வேண்டாம். எடுத்த இடம், திசை, தேதி எழுதிய சீட்டு பிரியாமல் இருந்தால் போதும். சீட்டு போனால் அது வெறும் கல். ஏரி, கடல் அடியிலிருந்து எடுத்த வண்டல் மண்ணை உறையவும் விடாமல், சூடாகவும் விடாமல் ஃபிரிட்ஜ் குளிரில் வைக்க வேண்டும். நுண்ணுயிர் மாதிரிக்கு மைனஸ் 80 டிகிரி வரை தேவைப்படும்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பனிக்கட்டி உருளைகள். பனிப்பரப்பைத் துளைத்து உருளை உருளையாக வெட்டி எடுக்கும் இந்தப் பனிக்குள், அந்தந்தக் காலத்துக் காற்று குமிழிகளாகச் சிக்கியிருக்கும். அதைப் படித்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் தட்பவெப்பம் தெரியும். 2021-22-ல் போன 41-வது பயணத்தின் இரண்டு முக்கிய வேலைகளில் ஒன்று, மைத்ரி பக்கம் 500 மீட்டர் ஆழத்துக்குப் பனி துளைப்பதற்கான முன்னேற்பாடு. கடந்த 10,000 ஆண்டு தட்பவெப்பத்தை ஒரே துளையிலிருந்து படிப்பதுதான் நோக்கம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் துண்டு ஏழு கிலோவுக்கு மேல் வரும். 500 மீட்டர் என்றால் சுமார் மூன்றரை டன் பனிக்கட்டி. அதை மைனஸ் 20 டிகிரி கன்டெய்னரில் வைத்து, வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டைத் தாண்டி, கோவா மையத்தின் குளிர் அறைக்குள் சேர்க்க வேண்டும். வழியில் எங்கேயும் கரண்ட் போகக் கூடாது.

தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகில் ஐஸ் தீர்ந்தால் மீன் போச்சு, மொத்த உழைப்பும் போச்சு. ஒரு வித்தியாசம், மீனை அடுத்த பயணத்தில் பிடிக்கலாம். 8,000 ஆண்டுக்கு முந்தைய காற்றுக் குமிழியை மறுபடி பிடிக்க வேண்டுமென்றால், மறுபடியும் கப்பல், மறுபடியும் பருவம், மறுபடியும் துளை.

இது வெறும் பயம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2017 ஏப்ரலில் அப்படி நடந்தது. ஒட்டாவாவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து அடுக்கிய ஆர்க்டிக் பனி உருளைகள் இருந்த குளிர் அறை ஒன்று பழுதானது. குளிரூட்ட வேண்டிய இயந்திரம் சூடான காற்றை உள்ளே தள்ளியது. வெப்பம் 40 டிகிரியை நெருங்கியது. சேகரிப்பில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு உருகிப்போனது. பயணம் முழுக்கத் தப்பித்த பனி, வீடு வந்து சேர்ந்த பிறகு போய்விட்டது.

அந்தக் கல்லுக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சொந்தம் என்றே சொல்லலாம். தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அண்டார்டிகா மூன்றும் ஒரு காலத்தில் 'கோண்டுவானா' என்ற பெருநிலத்தில் ஒட்டியிருந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து வடக்கே நகரத் தொடங்கியது.

நாகர்கோவிலைச் சுற்றி நிற்கும் சார்னோக்கைட் பாறைகளை நிலவியலாளர்கள் 'நாகர்கோவில் பாறைத் தொகுதி' என்று தனிப்பெயரிட்டே படிக்கிறார்கள். இந்தப் பகுதியின் பாறைகளை இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளோடும், கிழக்கு அண்டார்டிகாவின் லுட்சோ-ஹோல்ம் பகுதிப் பாறைகளோடும் ஒப்பிடும் ஆய்வுகள் பல. காரணம், மூன்று இடத்திலும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரே மாதிரியான பெரும் வெப்ப அழுத்தத்தின் தடம் இருக்கிறது.

அந்த வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பாறைக்குள் இருக்கும் ஜிர்கான், மோனசைட் போன்ற மணிகளை வைத்து. மோனசைட்டில் உள்ள தோரியமும் யுரேனியமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். ஆமாம், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் அதே மோனசைட்தான். குமரிக்காரர்களுக்கு மணல் ஆலையாகத் தெரிந்த கனிமம், அண்டார்டிக் ஆய்வாளருக்குக் கடிகாரம்.

மேலே சொன்ன 41-வது பயணத்தின் இன்னொரு முக்கிய வேலை, பாரதி பக்கத்து ஏமெரி பனித்தட்டுப் பகுதியில் நிலவியல் ஆய்வு. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலத்தைத் தேடும் வேலை அது. செயற்கைக்கோள் படத்தில் பாறையின் நிறம் தெரியும், வயது தெரியாது. அதற்குக் கல் கைக்கு வர வேண்டும்.

சரி, கல்லின் வயது தெரிந்து கரைக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. கல்லை விட்டுவிட்டு கடலுக்கு வருவோம்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்கள். அன்றைக்கு இங்கே புயல் இல்லை, மழை இல்லை. வந்தது 'கள்ளக்கடல்'. கள்ளன் மாதிரி சொல்லாமல் வரும் கடல். மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது.

அந்த அலைகள் பிறந்த இடம் தென் கடல். ஏப்ரல் இறுதியில் தென் அட்லாண்டிக்கிலிருந்து தென் இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்த காற்றழுத்தத் தாழ்வு எழுப்பிய நீண்ட அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு வாரம் போல கழித்து நம் கரைக்கு வந்தன. குமரிக்கும் அந்தக் கடலுக்கும் நடுவில் தடுக்க நிலம் இல்லை என்பதை முதலிலேயே பார்த்தோம். நேர்கோட்டில் நாம் பெட்டி அனுப்புவதில்லை. ஆனால் கடல் நேர்கோட்டில் அலையை அனுப்பிவிடுகிறது.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அந்த முறை எச்சரிக்கை இருந்தது, அது மணலில் நின்றவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. ஆனால் தென் கடலின் காற்று, அலை, கடல்பனி எப்படி மாறுகிறது என்று நீண்டகாலத்துக்குக் கணிக்க வேண்டுமென்றால், செயற்கைக்கோளோடு சேர்த்து அங்கேயே மிதக்கும், நங்கூரமிட்ட கருவிகளும் வேண்டும். கருவி எடுக்கும் அளவீடு விண்வழியே நொடியில் வந்துவிடும். கருவி போக, கப்பல் வேண்டும்.

அப்போ சிக்கல் எங்கே?

கப்பலில்தான். 1981-ல் வாடகைக் கப்பல். நாற்பது வருஷம் கழித்தும் வாடகைக் கப்பல்.

சொந்தக் கப்பலுக்கு முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2014-லேயே 1,051 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டெண்டர் விட்டார்கள், அது கைவிடப்பட்டது. 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன புது மதிப்பீடு சுமார் 2,600 கோடி ரூபாய். ஒன்பது வருஷத்தில் இரண்டரை மடங்கு. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம், நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு இந்தியாவிலேயே துருவ ஆய்வுக் கப்பல் கட்ட ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது தொடக்கம்தான், கப்பல் ஆகாது.

இந்தக் குறை தெற்கில் மட்டும் இல்லை. 2014 ஜூலையில் ஆர்க்டிக்கின் கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 'இண்டார்க்' என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதியை இந்தியா 192 மீட்டர் ஆழத்தில் நிறுத்தியது. வடிவமைத்தது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். கருவி தமிழ்நாட்டு மூளை. இறக்கி வைத்தது நார்வேயின் ஆய்வுக் கப்பல்.

வாடகைக் கப்பல் என்றால் என்ன நஷ்டம்? பணம் மட்டும் இல்லை. தேதி கையில் இல்லை. சரக்கு இறக்கும் கப்பலில் நின்று நிதானமாகக் கடல் ஆய்வு செய்ய நேரம் கிடைப்பது கஷ்டம். ஆய்வகம், குளிர் அறை, பளுதூக்கி எல்லாம் கிடைத்த கப்பலில் இருப்பதுதான். ஒரு வருஷம் பனி வழிவிடவில்லை என்றால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

தேவை கூடத்தான் போகிறது. பழசாகிவிட்ட மைத்ரிக்குப் பதிலாக 2029-ஐ இலக்காக வைத்து 'மைத்ரி-2' கட்டும் திட்டம் இருக்கிறது. ஒரு முழுக் கட்டடத்தையும் பெட்டி பெட்டியாக 100 கிலோமீட்டர் பனியில் இழுத்துப் போக வேண்டியிருக்கும். கோவாவிலிருந்து விமானம் போனது நல்ல தொடக்கம். மருந்துக்கும் அவசரக் கருவிக்கும் அது உதவும். ஆனால் ஒரு வருஷத்து எரிபொருளையோ, மூன்றரை டன் பனி உருளையையோ, ஒரு கட்டடத்தையோ 18 டன் விமானத்தை நம்பி நடத்த முடியாது.

தோவாளைச் சந்தையில் பூ கட்டி அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்த பாடம்தான் இது. பறித்த பூ எவ்வளவு நல்ல பூவாக இருந்தாலும், வண்டி நேரத்துக்கு வரவில்லை என்றால் அது குப்பை. இந்தியாவின் துருவ அறிவியலில் ஆள் இருக்கிறார்கள், ஆய்வகம் இருக்கிறது, சட்டமும் வந்துவிட்டது. வண்டி மட்டும் இன்னும் அடுத்தவருடையது.

அந்த வண்டி சொந்தமாகும் நாள் தள்ளிப்போகப் போக, தென் கடலைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதும் தள்ளிப்போகும். அங்கே கிளம்பும் அலை மட்டும் தள்ளிப்போகாது. அது நேராக வரும்.